உம்முடைய தெருவுக்குள் நுழையாத கார்

நேற்று சாயங்காலம் சமாதானபுரத்தில் காருக்குக் காற்றுப் பிடிக்கப் போயிருந்தேன். அங்கே ஒரு மஞ்சள் நானோ கார் ஓரமாக நின்றது. வெயிலில் கிடந்து கிடந்து அதன் கூரை மட்டும் வெளுத்துப் போயிருந்தது. வண்டிக்காரர் என் வயதுக்காரர்தான். பஞ்சர் ஒட்டி முடியட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு நிமிஷம் உள்ள உக்காந்து பாக்கட்டுமா?"

"விலைக்கு எதுவும் பாக்கீயளா?"

"இல்ல, சும்மாதான்."

"உக்காருங்க அண்ணாச்சி. கதவு தொறந்துதான் கெடக்கு."

உட்கார்ந்தேன். குனிய வேண்டியிருக்கவில்லை. இடுப்பை வளைத்துத் தலையை உள்ளே இழுத்துக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிற வேலை எதுவும் இல்லை. வீட்டில் நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் இப்போது முட்டி வலி வந்துவிட்டது. அதனால் அந்த வித்தியாசம் உடனே தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தேன். வண்டிக்காரர் பேப்பருக்கு மேலாக ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

நானோவைப் பற்றி எத்தனை பேரிடம் எத்தனை வருஷம் பேசியிருப்பேன்! அதற்குள் நான் உட்கார்ந்தது நேற்றுதான் முதல் தடவை. இதை உம்மிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நாம் பழக்கமானதே ஒரு காரால்தான். குலவணிகர்புரம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நாகர்கோவில் போகிற ரயிலுக்காக வண்டிகள் எல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. நான் என் வெள்ளைப் பத்மினி காருக்குள் இருந்தேன். உம்முடைய ஸ்கூட்டர் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றது. பின்னால் ஒரு மூட்டை லுங்கி கட்டியிருந்தீர். சவுதியிலிருந்து ஊரோடு திரும்பி வந்து, மேலப்பாளையம் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த புதிது. "கியர் கம்பி ஸ்டியரிங்லயே இருக்கே, இது எப்படி அண்ணாச்சி போடுதது?" என்று குனிந்து கேட்டீர். அவ்வளவுதான் நீர் கேட்டது. ரயில் வந்து, போய், கேட் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கிற வரை நான் பேசினேன். இத்தாலிக்காரன் போட்ட டிசைன், கை வைத்தால் திரும்புகிற ஸ்டியரிங், அம்பாசடர்காரர்களுக்கு ஏன் இந்த அருமை புரியாது என்பது வரை. நீர் போகும்போது, "மிச்சத்தை எங்கன கேக்கது?" என்றீர். அப்படி ஒருவர் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. வங்கியில் என் பக்கத்து மேஜைக்காரர்கள் நான் வாயைத் திறந்தாலே பேரேட்டைத் திறந்துவிடுவார்கள்.

அப்புறம் அந்த மிச்சத்தை எத்தனை வருஷம் கேட்டீர்! கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டு, போகிற வருகிற கார்களுக்கெல்லாம் நான் ஜாதகம் சொல்வேன். அம்பாசடர் ஒரு கல்யாண மண்டபம், அதற்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள் என்பேன். கான்டெஸா வெறும் ஜம்பம், ஆனால் அந்த ஜம்பத்தில் ஒரு லட்சணம் இருக்கிறது என்பேன். மாருதி எண்ணூறு நம்மைப் போன்றவர்களை மழையிலிருந்து காப்பாற்றிய வண்டி, அதற்காக அதைக் கும்பிடலாம், ஆனால் ரசிக்க முடியாது என்பேன். கொரியாக்காரன் வந்த பிறகுதான் காருக்குள் சௌகரியம் என்று ஒன்று இருக்கிறது என்றே நம் ஆட்களுக்குத் தெரிந்தது என்பேன். ஜெர்மன்காரன் கதவு மூடுகிற சத்தத்துக்கே பாதி விலை வாங்கிவிடுவான் என்று ஒரு நாள் சொன்னேன். நீர் டீயை ஊதிக்கொண்டே, "அப்போ கதவை மட்டும் வாங்கிக்கிடலாமா வே?" என்று கேட்டீர். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

இதில் வேடிக்கை, வண்டி ஓட்டியவர் நீர். சவுதியில் தம்மாமில் எத்தனையோ வருஷம் பிக்கப் ஓட்டிச் சரக்கு இறக்கியிருக்கிறீர். புழுதிக் காற்றில், எதிரே ரோடே தெரியாத இடத்தில் ஓட்டியிருக்கிறீர். நான் பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் பத்மினியை ஓட்டியவன். ஆனாலும் பேசினது நான். அங்கே ஓட்டின வண்டிகளைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். "அங்கன வண்டின்னா ஏசி வேலை செய்யணும். காலையில ஸ்டார்ட் ஆகணும். வேற என்ன இருக்கு?" என்றீர். அதில் சுவாரசியம் இல்லை என்று நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

அம்பாசமுத்திரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு நாம் பத்மினியில் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. சேரன்மகாதேவி தாண்டியதும் வண்டி கொதித்துவிட்டது. பானட்டைத் திறந்தால் ஆவி. வாய்க்காலில் தண்ணீர் கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. நீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கடையிலிருந்து அன்பளிப்புக்கு என்று எடுத்து வந்த புதுத் துண்டை நனைத்து வந்து ரேடியேட்டர் மேல் போட்டீர். நான் வேப்பமர நிழலில் நின்றபடி, இந்த எஞ்சினின் அமைப்பு எவ்வளவு நேர்த்தியானது, நம் ஊர் வெயிலுக்கு மட்டும்தான் அது கொஞ்சம் சுணங்குகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நீர் நிமிர்ந்து பார்த்தீர். முகமெல்லாம் வியர்வை.

"வண்டிக்குக் காய்ச்சல் அடிக்கி. நீரு அதோட குலப்பெருமையைச் சொல்லிக்கிட்டு இருக்கீரு. அந்தத் துண்டையாவது பிடியும் வே."

இருவரும் சிரித்துச் சிரித்துக் கல்யாணத்துக்குப் பந்தி முடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

இப்படிச் சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்ததனால்தான், அது எங்கே தப்பாகத் திரும்பியது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நானோ வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீர் என் வீட்டுக்கு வந்தீர். அன்று உம்முடைய சட்டை கூட இஸ்திரி போட்டதாக இருந்தது. "ஒரு வண்டி பாத்து வச்சிருக்கேன் வே. நீரு வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லும்" என்றீர். உம் மகள் ஆயிஷாவும் கூட வந்திருந்தாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நானோ நின்றது. நீர் நேராகப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தீர். சவுதியில் சரக்கு ஏற்றி இறக்கியே உமக்கு முட்டியும் இடுப்பும் அப்போதே போயிருந்தன. ஒரு ஸ்டூலில் உட்காருவதற்குக்கூட எதையாவது பிடித்துக்கொள்வீர். அன்று எதையும் பிடிக்கவில்லை.

"இங்கன பாரும் வே, ஏறுனதே தெரியல. நாற்காலி மாதிரி இருக்கு. எங்க தெருவுக்குள்ள வீட்டு வாசல் வரைக்கும் போகும். திருப்பிக்கிட்டும் வந்துரலாம்."

ஆயிஷா பின்சீட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கையை வைத்துக் காட்டினாள். உம் முகம் அன்று எப்படி இருந்தது என்று இப்போது நினைத்தால் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது. நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் தட்டினேன்.

"இது என்ன வே, டிக்கியே தொறக்காது. முன்னால ஒத்தை வைப்பர். சக்கரத்துக்கு மூணே போல்ட்டு. ரெண்டு சிலிண்டர். ஆட்டோ இதுக்கு அண்ணன் முறை வேணும்."

விற்பனைப் பையன் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததும் எனக்கு இன்னும் உற்சாகம் வந்தது. "சவுதிக்காரரு, பஜார்ல கடை வச்சிருக்கவரு, இதுல போயி எறங்குனா ஊரு என்ன சொல்லும்?" என்றேன். நீர் தெருவைப் பற்றி மறுபடியும் ஏதோ சொல்ல வந்தீர். "தெருவுக்காவா வண்டி வாங்குவாங்க?" என்று கேட்டேன். நீரும் சிரித்தீர். நாங்கள் எல்லோரும் சிரித்த பிறகு, கடைசியாகச் சிரித்தீர். அப்புறம் இறங்கினீர். "சரி வே. நீரு எதைச் சொல்லுதீரோ அதைப் பாப்போம்."

நான் சொன்னதுதான் வாங்கினீர். சாம்பல் நிறத்தில் நீளமான வண்டி. நாலு பேர் திரும்பிப் பார்க்கிற வண்டி. அதில் குற்றம் சொல்ல எனக்கு இன்றைக்கும் ஒன்றும் இல்லை. ஹைவேயில் போனால் எஞ்சின் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். ஆனால் உம் தெருவுக்குள் அது நுழையாது. தறிச்சத்தம் இரண்டு பக்கமும் கேட்கிற அந்தச் சந்தில் எதிரே ஒரு ஆட்டோ வந்தாலே யாராவது ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால் பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி வளாகத்தில் வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்தினீர். வெளியே போக வேண்டுமென்றால் வீட்டிலிருந்து அதுவரை நடக்க வேண்டும். நடக்க முடியாததற்காகத்தான் நீர் கார் வாங்கவே நினைத்தது. சீட்டும் தாழ்வு. இறங்கும்போது கதவின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுவீர். உம் வீட்டுக்காரியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்; அது ஒரு மெத்தை தைத்துச் சீட்டில் போட்டுக் கொடுத்தது. அதைப் பார்த்து, சீட்டின் அமைப்பையே கெடுத்துவிட்டீர் என்று அதற்கும் ஒரு பிரசங்கம் செய்தேன்.

கொஞ்ச நாளில் நீர் ஸ்கூட்டருக்கே போய்விட்டீர். கார் உறை போட்டுக்கொண்டு கிடந்தது. "பெட்ரோல் தேவையில்லாம எதுக்கு?" என்றீர். நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட முடியவில்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து நீர் வந்ததும் உம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். ஆயிஷா கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தாள். முதல் கவளத்தை வாயில் வைக்கும் முன்பே நீர் கையை உதறிவிட்டுச் சுவரில் சாய்ந்தீர். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. நெஞ்சைத் தடவினீர். தங்கச்சி, "என்னங்க, என்ன செய்யுது?" என்று கத்தியது. ஆயிஷா வாசலுக்கு ஓடிப்போய், "ஆட்டோ நிக்கி மாமா, அடுத்த வீட்டுக்கு வந்தது, சொல்லவா?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: "ஆட்டோவுல போட்டுக் குலுக்கக் கூடாதும்மா. கார்லதான் கொண்டு போகணும். நான் எடுத்துட்டு வாரேன்."

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஜாரில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். கிட்டங்கி வாசலில் ஒரு லாரி நூல் பேல் இறக்கிக்கொண்டிருந்தது. டிரைவரைத் தேடி, கையெடுத்துக் கும்பிட்டு, அவன் நகர்த்தி, நான் உறையைக் கிழிக்காத குறையாக இழுத்து, வண்டியை வெளியே எடுத்துத் தெரு முனைக்குக் கொண்டு வந்தபோது, உம்மை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து அங்கே காத்து நின்றார்கள். வெயிலில் நின்றார்கள். தங்கச்சி முந்தானையால் உமக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் ஆயிஷாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தீர். நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ரயில்வே கேட் திறந்திருந்தது. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பாலம் ஏறும்போது பின்னாலிருந்து உம் குரல் வந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினீர்.

"பைய போம் வே... வண்டி நல்லாத்தான் போவுது."

நான் தேர்ந்தெடுத்த வண்டியை, அந்த நிலைமையிலும், எனக்காகப் பாராட்டினீர். அதற்குப் பிறகு நீர் எதுவும் பேசவில்லை. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆஸ்பத்திரியில் உம்மை உள்ளே கொண்டுபோனார்கள். அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் முடிந்துவிட்டது என்றார்கள்.

டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். ஆட்டோவில் உடனே வந்திருந்தால்? அவர் என் தோளில் கையை வைத்தார். "இது ரொம்பப் பெரிய அட்டாக் சார். கொஞ்சம் முன்னால வந்திருந்தாலும் பெரிசா ஒண்ணும் மாறியிருக்காது" என்றார். பெரிசா என்ற அந்தச் சொல்லை அவர் ஏன் சேர்த்தார் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். வாசல் வரை வருகிற ஒரு சின்ன வண்டி இருந்திருந்தால், நீரே மெல்ல நடந்து வந்து ஏறி உட்கார்ந்திருப்பீர். உம் ஜனாஸாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது நான் பின்னால் நடந்தேன். அந்தத் தெருவின் அகலம் உம்மை வைத்த சந்தூக்குப் பெட்டிக்குப் போதுமானதாக இருந்தது.

சாம்பல் காரை விற்றுக் கொடுத்ததும் நான்தான். வாங்கியவர் அதை எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கே" என்று ஆச்சரியப்பட்டார். ஓட்டாத வண்டி புதிதாகத்தானே இருக்கும். அதற்குப் பிறகு உம் வீட்டுக்கு நான் அதிகம் போகவில்லை. பெருநாளுக்குப் போவேன், வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்புவேன். தங்கச்சிக்கு என்மேல் வருத்தம் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அது கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட எளிதாக இருந்தது.

நேற்று அந்த நானோவை விட்டு இறங்கியவன் நேரே வீட்டுக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஆயிஷா இப்போது கங்கைகொண்டானில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில் கூப்பிட்டு, "மாமா, கார் வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நேற்று உம் வீட்டுக்கே போனேன். காரைப் பஜாரில் விட்டுவிட்டு நடந்தேன்.

தங்கச்சி டீ கொண்டுவந்தது. ஆயிஷா எதிரே உட்கார்ந்து, "சொல்லுங்க மாமா" என்றாள்.

"உனக்கு எது பிடிச்சிருக்கோ அதை வாங்கும்மா. இந்தத் தெருவுல திரும்புமான்னு மட்டும் பாத்துக்கோ."

"இது யாரு, எங்க மாமாதானா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே, ஒன்றும் நினைக்காமல் சொன்னாள்: "வாப்பா அந்த மஞ்ச வண்டியைத் திரும்பவும் போயிப் பாத்தாங்க, தெரியுமா? நானும் போனேன். ஓட்டிப் பாக்கக் கொடுத்தாங்க. நம்ம வாசல் வரைக்கும் கொண்டாந்து, திருப்பி, உம்மாக்குக் காமிச்சாங்க. இதையே வாங்கிருவோம்னு உம்மாகூட சொன்னாங்க. 'அவரு கேலி பண்ணிக்கிட்டே இருப்பாரு புள்ள, வேண்டாம்'னுட்டாங்க வாப்பா."

தங்கச்சி, "ஏ, அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்று அதட்டியது.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் கழித்து, அன்றைக்கு ஆட்டோவை வேண்டாம் என்றது நான்தான் என்று தங்கச்சியிடம் சொன்னேன். "தெரியும் அண்ணே, நானும் அங்கனதானே நின்னேன்" என்றது. "வேணும்னேவா செஞ்சீங்க? அல்லா எழுதுனது. ஆனா அதுக்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாம இருந்தீங்களே, அதுதான் எங்களுக்கு வருத்தம்."

ஆயிஷா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பேசுறதையெல்லாம் வாப்பா வீட்டுல வந்து அப்படியே செஞ்சு காமிப்பாங்க மாமா. உங்களுக்குத் தெரியாதுல்லா?" எழுந்து நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தொண்டையைச் செருமினாள். "'ஆம்னிங்கது காரே இல்ல வே, ரொட்டிப் பொட்டி. ஆனா இந்த ஊருல பாதிக் குடும்பம் அந்த ரொட்டிப் பொட்டியிலதான் குத்தாலத்துக்குப் போச்சு!'"

அது நான்தான். அச்சு அசலாக நான். என்னை அப்படிச் செய்தது நீர். இப்போது உம்மைப் போலச் செய்தது அவள். உம் வீட்டில் எல்லோரும் என்னை வைத்து எத்தனை ராத்திரி சிரித்திருக்கிறீர்கள் என்று நினைத்தபோது முதல் முறையாக நெஞ்சில் ஏதோ ஒன்று இளகியது.

அவள் அதோடு நிறுத்தவில்லை. என் பேச்சு முடிந்ததும் உம் முகத்துக்கு மாறினாள். கண்ணை லேசாகச் சுருக்கி, கீழே பார்த்து, "ம்..." என்றாள்.

நான் பேசி முடிக்கும்போதெல்லாம் நீர் அப்படித்தான் "ம்" என்பீர். நான் சொன்னதை ஒத்துக்கொண்டீர் என்றே அத்தனை வருஷமும் எடுத்துக்கொண்டேன். அவள் வாயில் கேட்டபோதுதான் அதற்குள் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தது. கொஞ்சம் சிரிப்பு இருந்தது. பிரியம் இருந்தது. சொல்ல ஆரம்பித்து, போகட்டும் என்று விட்ட ஏதோ ஒன்றும் இருந்தது. ஒரு காரைத் தவிர வேறு என்னவெல்லாம் அப்படி விட்டீரோ, எனக்குத் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை.

இப்போதும் ஆட்கள் என்னிடம் வந்து எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அபிப்பிராயங்கள் எனக்குக் குறையவில்லை. இந்த மின்சாரக் கார்களைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். இன்று காலையில் எதிர்வீட்டுக்காரரிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் "ம்" என்றார். நான் நிறுத்திவிட்டேன்.

"என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். நான் பேசாமல் நின்றேன்.